நந்தகுமார் வழக்கும் கும்பெனியின் நீதியும்

1775ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள், சனிக்கிழமை காலையில், கல்கத்தா வில்லியம் கோட்டைக்கு அருகே முதியவர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். வயது ஏறத்தாழ எழுபது. முகலாயப் பேரரசர் ஷாஹ் ஆலமிடமிருந்து 'மகாராஜா' என்னும் பட்டத்தைப் பெற்றவர், நவாப் மீர் ஜாஃபரிடம் திவானாக விளங்கியவர், பிறப்பால் பிராமணர், பெயர் நந்தகுமார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் கொலையன்று, கொள்ளையன்று, இராஜத் துரோகமுமன்று. 48,021 ரூபாய்க்கான கடன் பத்திரமொன்றைப் பொய்யாகப் புனைந்து பணம் பெற்றார் என்பதே வழக்கு.

இத்தீர்ப்பைப் பற்றிய வாதம் கல்கத்தாவின் தெருக்களில் தொடங்கி, இலண்டன் பாராளுமன்றத்தில் முழங்கி, பின்னர் வரலாற்றாசிரியர்களின் ஏடுகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. நந்தகுமார் குற்றவாளியா, நிரபராதியா? தலைமை நீதிபதி நேர்மையாளரா, கைக்கூலியா? இவ்விரு வினாக்களைச் சுற்றியே பெரும்பாலோர் வாதாடினர். வேறொரு வினாவே முதன்மையானது என நாம் கருதுகிறோம். ஒரு வணிகக் கும்பெனி ஒரு நாட்டையே விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், எந்தச் சட்டம் யார்மீது, எப்பொழுது பாய வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் யார்? முஸ்லிம் குடும்பங்களில் படிக்கப்படும் இவ்வேட்டில் ஒரு வங்காளப் பிராமணரின் வழக்கை நாம் எடுத்துப் பேசுவதற்கும் காரணமுண்டு. அன்று வங்கத்தில் குற்ற வழக்குகளுக்கு நடைமுறையில் இருந்தது இஸ்லாமியச் சட்டம். அது ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் அந்தத் தூக்குமரம் நடப்பட்டது.

முதலில் கும்பெனியாரின் நிலையைச் சற்றுக் காண்போம். 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 12இல் ஷாஹ் ஆலம் வங்காளம், பீகார், ஒரிஸ்ஸா ஆகிய மாகாணங்களின் திவானி உரிமையைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு வழங்கினார். ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபாய் பேரரசருக்குக் கட்டுவதாக ஏற்பாடு. அன்று முதல் இலண்டனில் பங்கு வாங்கி வைத்திருந்த வணிகனின் இலாபமும், வங்கத்து உழவனின் நிலவரியும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாயின. 1770இல் கொடும் பஞ்சம் வந்தது. மக்களில் மூன்றிலொரு பங்கினராவது மாண்டிருப்பர் என்று வாரன் ஹேஸ்டிங்ஸே 1772இல் தம் மேலிடத்துக்கு எழுதினார். அதே கடிதத்தில், 1771ஆம் ஆண்டின் வரி வசூல் பஞ்சத்திற்கு முந்தைய 1768ஆம் ஆண்டின் வசூலையும் விஞ்சியது என்றும் அவர் குறித்தார். மூன்றிலொருவர் இறந்தும் வசூல் குறையவில்லை என்றால் எஞ்சியவர்களிடம் எவ்வாறு தண்டியிருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனை வசூலித்தும் கும்பெனி 1772இல் கடனில் மூழ்கியது. பங்குதாரர்க்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் இலாபம் பங்கிட்டுவந்த நிறுவனம், ஆங்கில அரசிடம் கையேந்தி 14 இலட்சம் பவுன் கடன் பெற வேண்டியதாயிற்று. அதற்கு ஈடாக 1773இல் 'ஒழுங்குமுறைச் சட்டம்' வந்தது. அதன்படி ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலானார். அவருக்குத் துணையாகவும் கடிவாளமாகவும் நால்வர் கொண்ட ஆலோசனைச் சபை அமைந்தது. கல்கத்தாவில் மன்னரின் பெயரால் உச்ச நீதிமன்றம் ஒன்றும் 1774இல் நிறுவப்பட்டது. அதன் தலைமை நீதிபதி சர் எலிஜா இம்பே, வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் ஹேஸ்டிங்ஸின் உடன் பயின்றவர். கும்பெனியின் அடாவடியிலிருந்து குடிகளைக் காப்பதே அந்நீதிமன்றத்தின் நோக்கம் எனச் சொல்லப்பட்டது. அதன் முதற்பெரும் தீர்ப்பு, கும்பெனியின் தலைவர்மீது குற்றம் சாட்டியவரின் உயிரைப் பறித்தது.

நந்தகுமார் புனிதர் அல்லர். இதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. ஹூக்ளியின் ஃபௌஜ்தாராக இருந்த காலம் தொட்டே அவர் சூழ்ச்சிகளில் தேர்ந்தவர். 1765இல் வங்க நவாபின் நாயிப் பதவி அவருக்குக் கிட்டாமல் முஹம்மது ரிஸா கானுக்குப் போனது. அந்தப் பகை அவர் நெஞ்சில் ஆறவேயில்லை. 1772இல் கும்பெனி இயக்குநர்கள் ரிஸா கானைக் கைது செய்து கணக்குக் கேட்குமாறு பணித்தபோது, சான்று தேடித் தருவதற்கு நந்தகுமாரையே பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள்; ஆனால் அதிகாரம் எதுவும் அவர் கைக்குப் போகக் கூடாது என்றும் எச்சரித்தார்கள். ஹேஸ்டிங்ஸ் அவ்வாறே செய்தார். நவாபின் அரண்மனையில் நந்தகுமாரின் மைந்தர் குருதாஸ் திவானானார். சிறுவயது நவாபின் பாதுகாவலராக மீர் ஜாஃபரின் விதவை முன்னி பேகம் நியமிக்கப்பட்டார். ஈராண்டு விசாரணைக்குப்பின் ரிஸா கான் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். ஒரு முஸ்லிம் பிரபுவை வீழ்த்த ஒரு இந்துப் பிரபுவைக் கருவியாக்கி, வேலை முடிந்ததும் கருவியைத் தூக்கியெறியும் வித்தையைக் கும்பெனி அப்போதே கற்றிருந்தது.

1774 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய சபையினர் கிளேவரிங், மான்சன், ஃபிரான்சிஸ் ஆகிய மூவரும் ஹேஸ்டிங்ஸுக்கு எதிரணியாயினர். சபையில் பெரும்பான்மை அவர்களுடையது. காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதை அறிய நந்தகுமாருக்கு அதிக நாள் ஆகவில்லை. 1775 மார்ச்சு 11இல் அவருடைய முறையீட்டை ஃபிரான்சிஸ் சபையின் முன் வைத்தார். முன்னி பேகத்தையும் குருதாஸையும் பதவியில் அமர்த்துவதற்காக ஹேஸ்டிங்ஸ் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் கைக்கூலி பெற்றார் என்பது அதன் சாரம். குற்றம் சாட்டுபவன் முன்னால் தாம் குற்றவாளிபோல் நிற்க முடியாது எனக் கூறி ஹேஸ்டிங்ஸ் சபையைக் கலைத்துவிட்டு எழுந்து போனார். எஞ்சியோர் கிளேவரிங்கைத் தலைமையில் அமர்த்தி, நந்தகுமாரை விசாரித்து, 3,54,105 ரூபாயைக் கும்பெனிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டுமென முடிவு செய்தனர். இதில் ஒன்றரை இலட்சத்தைத் தாம் பெற்றது உண்மையே, ஆனால் அது முர்ஷிதாபாத் சென்றபோது விருந்துச் செலவுக்காக வழக்கப்படி அளிக்கப்பட்டது என்று பின்னாளில் ஹேஸ்டிங்ஸ் தரப்பு விளக்கியது. விருந்துக்கு ஒன்றரை இலட்சம்! பஞ்சம் முடிந்து இரண்டே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

மார்ச்சில் முறையீடு, மே 6ஆம் நாள் நந்தகுமார் சிறையில். மோகன் பிரசாத் என்பவர் தொடுத்த பத்திர வழக்கில் நீதிபதிகள் லெமெய்ஸ்தரும் ஹைடும் அவரைக் காவலில் வைத்தனர். ஆசாரம் பேணும் பிராமணராதலால் சிறையில் உணவு கொள்ள மறுத்தார். பண்டிதர்களைக் கேட்டு, பிறகு சிறைக்கு வெளியே கூடாரமடித்துக் கொடுத்தார்கள்.

பத்திரத்தின் கதை இதுதான். பொலாக்கி தாஸ் என்னும் சாஹுக்காரரிடம் நந்தகுமார் நகைகளை ஒப்படைத்திருந்தாராம். மீர் காசிமுடன் நடந்த போரின் குழப்பத்தில் அவை கொள்ளை போயினவாம். அதற்கீடாக, கும்பெனியிடமிருந்து தமக்கு வரவேண்டிய பணம் கிடைத்ததும் 48,021 ரூபாய் தருவதாக 1765இல் பொலாக்கி தாஸ் எழுதிக் கொடுத்தாராம். 1769இல் அவர் இறந்தபின், அவருடைய சொத்தை நிர்வகித்தோர் நந்தகுமாருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டனர். பத்திரத்தில் சாட்சிகள் மூவர். அம்மூவரும் இறந்துவிட்டனர் என்பது நந்தகுமாரின் தரப்பு. ஒரு சாட்சியின் முத்திரையில் 'அப்துஹு முஹம்மது கமால்' என்று பொறித்திருந்தது. வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருந்தது. கமாலுத்தீன் அலீ கான் என்பவர் நீதிமன்றத்துக்கு வந்து, அது தம் முத்திரை என்றும், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் நந்தகுமாரிடம் அனுப்பிய அம்முத்திரை திரும்பி வரவேயில்லை என்றும் சொன்னார். இல்லை, முஹம்மது கமால் என்பவர் வேறொருவர், அவர் காலமாகிவிட்டார் என்றனர் எதிர்த்தரப்புச் சாட்சிகள். இந்தக் கமாலுத்தீன், அதே ஆண்டு ஏப்ரலில் ஹேஸ்டிங்ஸ் தரப்பு நந்தகுமார்மீது தொடுத்த சதி வழக்கிலும் முக்கியச் சாட்சி என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

ஜூன் 8 முதல் 16 வரை, வங்கத்துக் கோடையின் புழுக்கத்தில், காலை முதல் இரவு வரை விசாரணை நடந்தது. ஜூரிகள் பன்னிருவரும் ஐரோப்பியத் தரப்பினர். அரசுத் தரப்பு வழக்குரைஞர் திறமையற்றவராக இருந்ததால், எதிர்த்தரப்புச் சாட்சிகளை நீதிபதிகளே குறுக்கு விசாரணை செய்தனர். சாட்சிகளின் மொழியை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னவர் அலெக்ஸாண்டர் எலியட். ஹேஸ்டிங்ஸின் அணுக்க நண்பர். ஆட்சேபம் எழுந்தது, ஏற்கப்படவில்லை. 16ஆம் நாள் விடியற்காலையில் ஜூரிகள் 'குற்றவாளி' என்றனர்.

பொய்ப் பத்திரத்துக்கு மரண தண்டனை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1728இல் நிறைவேறிய ஒரு சட்டத்திலிருந்து. உண்டியலும் பத்திரமுமே வணிகத்தின் இரத்தமாகிவிட்ட இலண்டன் நகருக்காக, அங்குள்ள வணிகரின் நலன் கருதி இயற்றப்பட்ட சட்டம் அது. வங்கத்தின் நிலையோ வேறு. இஸ்லாமியச் சட்டம் குற்றங்களை வகுத்துவைத்திருக்கிறது: தண்டனை வரையறுக்கப்பட்ட ஹத்துக் குற்றங்கள், கொலைக்கும் காயத்துக்கும் உரிய கிஸாஸ், எஞ்சியவற்றுக்குக் காழியின் விவேகத்துக்கு விடப்பட்ட தஃஸீர். பொய்ப் பத்திரம் இம்மூன்றாவதில் அடங்கும். கசையடி உண்டு, சிறை உண்டு, ஊரறிய அவமானப்படுத்துவதும் உண்டு. கழுத்துக்குக் கயிறு வருவதில்லை. இதைக் கும்பெனி அறியாமலில்லை. 1772இல் ஹேஸ்டிங்ஸே வகுத்த நீதித் திட்டத்தின்படி மாவட்டந்தோறும் ஃபௌஜ்தாரி அதாலத்துகள் அமைந்தன. அவற்றில் காழியும் முஃப்தியும் மௌலவிகளும் அமர்ந்து இஸ்லாமியச் சட்டப்படியே தீர்ப்பு வழங்கி வந்தனர். ஆகவே ஒரே கும்பெனியின் ஆட்சியில், முர்ஷிதாபாத்தில் சிறையோடு போகக்கூடிய குற்றம் கல்கத்தாவில் உயிரைக் கேட்டது.

இன்னும் விந்தை, குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அந்த உச்ச நீதிமன்றமே இல்லை. நீதிபதிகளில் ஒருவரான ராபர்ட் சேம்பர்ஸுக்கே ஐயம் இருந்தது. மரண தண்டனை விதிக்காத, எலிசபெத் அரசியார் காலத்துப் பழைய சட்டமொன்றின்கீழ் வழக்கை நடத்தலாம் என்று அவர் எடுத்துரைத்தார், ஏனையோர் ஏற்கவில்லை, பிறகு அவரும் இணங்கிவிட்டார். 1765இல் இதே கல்கத்தாவில் ராதாசரண் மித்ரா என்பவருக்குப் பொய்ப் பத்திரக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது நகர மக்கள் மனுச் செய்து மன்னிப்புப் பெற்றனர். எனவே இத்தண்டனை இந்நாட்டாருக்கு எத்தகைய அதிர்ச்சி தரும் என்பது பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. தண்டனையை நிறுத்திவைத்து மன்னரின் முடிவுக்கு அனுப்பும் அதிகாரமும் நீதிமன்றச் சாசனத்திலேயே இருந்தது. நவாப் முபாரக்குத் தௌலா தண்டனையை நிறுத்துமாறு வேண்டினார். மேல் முறையீட்டுக்கு அனுமதி கோரப்பட்டது. இம்பேயும் தோழர்களும் எதற்கும் செவி சாய்க்கவில்லை. நம் கருத்தில், அவர்கள்மீது சுமத்தக்க உண்மையான பழி இதுதான். விசாரணையில் அவர்கள் நேர்மையாகவே நடந்திருந்தாலும், மன்னித்திருக்கக்கூடிய இடத்தில் அவர்கள் மன்னிக்கவில்லை.

பொய்க் கையெழுத்து என்றதும் இன்னொரு நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் போகாது. 1757இல் பிளாசிப் போருக்கு முன் சிராஜுத் தௌலாவைக் கவிழ்க்கச் சதி செய்தபோது, அமீர் சந்த் என்னும் வணிகரை ஏமாற்றுவதற்காகக் கிளைவ் இரு உடன்படிக்கைகளைத் தயாரித்தார். ஒன்று உண்மை, மற்றொன்று பொய். பொய்யானதில் கையொப்பமிடக் கடற்படைத் தளபதி வாட்சன் மறுத்ததால், அவருடைய கையொப்பத்தை வேறொருவரைக் கொண்டு இடச் செய்தார். பின்னர் பாராளுமன்றக் குழு கேட்டபோது கிளைவ் இதை மறைக்கவில்லை. அத்தகைய வேளை வந்தால் நூறு முறையும் அப்படியே செய்வேன் என்னும் கருத்துப்படப் பதிலளித்தார். 1773இல் காமன்ஸ் சபை அவர் நாட்டுக்குப் பெரும் சேவை செய்தார் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஈராண்டு கழித்து, 48,021 ரூபாய்ப் பத்திரத்துக்காக நந்தகுமார் மேடையேறினார்.

அவரைத் தூண்டிவிட்டவர்களின் நடத்தை இன்னும் வருந்தத்தக்கது. சிறையில் வந்து நலம் விசாரித்த சபைப் பெரும்பான்மையினர் அவர் உயிரைக் காக்க உருப்படியான முயற்சி எதுவும் செய்யவில்லை. தூக்குக்கு முந்திய நாள் நந்தகுமாரின் மனுவொன்று கிளேவரிங்கின் கைக்கு வந்தது. அவரோ தண்டனை நிறைவேறிய பிறகே, ஆகஸ்டு 14இல் அதைச் சபையில் வைத்தார். அதில் நீதிபதிகள்மீது குற்றச்சாட்டு இருந்ததால், ஃபிரான்சிஸின் யோசனைப்படியே அது அலுகோசின் கையால் எரிக்கப்பட்டது. முதியவரின் கடைசிச் சொல்லும் அவருடைய நண்பர்கள் எனப்பட்டோராலேயே சாம்பலாயிற்று. அதன்பின் ஹேஸ்டிங்ஸ்மீது குற்றம் சொல்ல அந்நாட்டார் எவரும் எளிதில் முன்வரவில்லை. 1780இல், நாட்டு வழக்குகளுக்கான சதர் திவானி அதாலத்தின் தலைமையையும் மாதம் 5,000 ரூபாய்க் கூடுதல் ஊதியத்தில் ஹேஸ்டிங்ஸ் இம்பேக்கே அளித்தார். கும்பெனியைக் கண்காணிக்க மன்னர் அனுப்பிய நீதிபதி, கும்பெனியின் சம்பளப் பட்டியலில் இடம்பெற்றார். இதற்காகவே அவர் பின்னர் இங்கிலாந்துக்குத் திருப்பியழைக்கப்பட்டார்.

அதே ஆண்டுகளில் நம் சென்னையிலும் ஒரு குற்ற வழக்கு நடந்தது. அதை இதனோடு வைத்துப் பார்த்தல் தகும். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1773இல் கும்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றியிருந்தார். அதை மராத்திய மன்னர் துளஜாஜியிடம் மீட்டுத் தருமாறு இயக்குநர்கள் ஆணையிட, கவர்னர் பிகட் 1776இல் அவ்வாறே செய்தார். உடனே கும்பெனியின் ஊழியரான பால் பென்ஃபீல்ட் முன்வந்து, தஞ்சையின் விளைச்சலும் வருவாயும் தமக்கு ஈடாக எழுதப்பட்டவை என்றார். அவர் கேட்ட தொகை இரண்டு இலட்சம் பவுனுக்கும் மேல்! ஒரு சிறு உத்தியோகஸ்தருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று பிகட் கேட்டார். நவாபுக்குக் கடன் கொடுத்து வட்டியில் கொழுத்த கூட்டத்தோடு தொடர்புடைய சபையினர் பலர். அவர்கள் ஆகஸ்டு 24இல் கவர்னரையே சிறைப்பிடித்துப் பரங்கிமலையில் வைத்தார்கள். 1777 மே மாதத்தில் அவர் காவலிலேயே இறந்தார். மரண விசாரணை ஜூரிகள் 'திட்டமிட்ட கொலை' என்றனர், அது நிலைக்கவில்லை. இலண்டனில் ஸ்ட்ராட்டன் முதலிய நால்வர்மீது வழக்கு நடந்து, 1780இல் தண்டனை விதிக்கப்பட்டது: தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களின் கணக்கையோ ஆங்கில அமைச்சரவை விசாரணையின்றியே ஏற்றுக்கொண்டது. அதை எதிர்த்து 1785 பிப்ரவரி 28இல் எட்மண்ட் பர்க் காமன்ஸ் சபையில் நெடிய உரையாற்றினார். கர்நாடகத்து உழவன் உழுது கொடுத்த வரி, பென்ஃபீல்ட் போன்றோரின் வட்டியாகிக் கப்பலேறிற்று.

அந்தப் பர்க்கே ஹேஸ்டிங்ஸ்மீதும் இம்பேமீதும் குற்றச்சாட்டைக் கிளப்பியவர்களில் முதல்வர். இம்பேமீதான தீர்மானத்தைக் கொணர்ந்தவர் சர் கில்பர்ட் எலியட். வழக்கில் மொழிபெயர்த்த அலெக்ஸாண்டர் எலியட்டின் உடன்பிறந்தவர்தாம் இவர்! 1788 மே 9இல் நந்தகுமார் பற்றிய குற்றச்சாட்டு வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 55, எதிர்ப்பு 73. இம்பே தப்பினார். மறு ஆண்டு, ஹேஸ்டிங்ஸ் இம்பேயின் கைகளால் நந்தகுமாரைக் கொலை செய்தார் என்னும் பொருள்படப் பிரபுக்கள் சபையில் பேசியதற்காகப் பர்க் காமன்ஸ் சபையின் கண்டனத்துக்கு ஆளானார். ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை 1788 பிப்ரவரி 13இல் தொடங்கி ஏழாண்டுகள் இழுத்து, 1795 ஏப்ரல் 23இல் விடுதலையில் முடிந்தது. தொடக்கத்தில் அனுமதிச் சீட்டுக்கு அலைந்த இலண்டன் மேட்டுக்குடியினர் இறுதியில் கொட்டாவி விட்டனர். கும்பெனி தன் பழைய தலைவருக்கு ஆண்டுக்கு 4,000 பவுன் உபகாரச் சம்பளம் வழங்கியது.

பிறகு வரலாற்றாசிரியர்கள் வந்தனர். 1841இல் மெக்காலே எழுதிய கட்டுரை இம்பேயை நீதியின் பெயரால் கொலை செய்தவராகவே காட்டிற்று. வங்காளியரை இழிவுபடுத்தும் பகுதிகளும் அதில் உண்டென்பதை மறக்கலாகாது. 1885இல் நீதியரசர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் இரு தொகுதிகளில் விசாரணை நேர்மையானதே என வாதாடினார். மறு ஆண்டே, வங்கத்தில் நீதிபதியாகப் பணிபுரிந்த பெவரிட்ஜ் அதை வரி வரியாக மறுத்தார். சான்றுகளை நெருங்கிக் கற்றவர் பெவரிட்ஜே என்பது நம் எண்ணம். ஆயினும் அவரும் பத்திரம் உண்மையா பொய்யா என்பதிலேயே பெரிதும் ஆழ்ந்துவிட்டார்.

அந்நாளில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் வரலாற்றாசிரியரின் கூற்றையும் இங்கே கேட்கவேண்டும். பாரசீகத்தில் 'ஸியருல் முதஅக்கிரீன்' எழுதிய குலாம் ஹுஸைன் கான் தபாதபாயி நந்தகுமாருக்கு நண்பரல்லர். அவர் வீட்டில் பிரமுகர்கள் பலரின் போலி முத்திரைகள் அடங்கிய பேழை கிடைத்ததாகவே எழுதுகிறார். ஆங்கிலேயர் சிலரிடம் மதிப்பும் உடையவர். அத்தகையவர்தாம், நாடு பாழானதற்குப் பன்னிரண்டு காரணங்களை வரிசைப்படுத்தினார். ஆள்வோர்க்கு நாட்டின் மொழியும் வழக்கமும் தெரியாமை, அவர்களை நெருங்கிக் குறைகூற வழியில்லாமை, ஈட்டிய பொருளெல்லாம் கடல் கடந்து போதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இம்பேயின் உள்ளத்தை ஆராய்ந்த ஆங்கில ஆசிரியர்களைவிட இவர் நோயின் வேரை அடுத்துச் சென்றார் என்றே சொல்லுவோம்.

முஹம்மது ரிஸா கான் 1775இலேயே மீண்டும் நாயிப் நாஸிமாகி, முர்ஷிதாபாத்தில் நிஜாமத் அதாலத்தின் தலைமையை ஏற்றார். 1790இல் கார்ன்வாலிஸ் அவரை நீக்கி, அந்த அதாலத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றிக் கவர்னர் ஜெனரலின் சபைக்குக் கீழே கொண்டுவந்தார். இம்பேமீது குற்றம் சுமத்திய கில்பர்ட் எலியட் மிண்டோ பிரபுவாகி, 1807இல் அதே கல்கத்தாவுக்குக் கவர்னர் ஜெனரலாகவே வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் பொய்ப் பத்திரக் குற்றத்துக்கான மரண தண்டனை 1832இல் பெரும்பாலும் ஒழிக்கப்பட்டு, 1837இல் அறவே நீக்கப்பட்டது. நந்தகுமார் தூக்கிலிடப்பட்டு அப்போது 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.